அன்புள்ள &பெயர்& அவர்களுக்கு

1990களின் தொடக்கத்தில் திருச்சியின் மாடிப்படிகளில் தொங்கிய கணினிப் பயிற்சி மையப் பலகைகளில் மூன்று பெயர்கள் தவறாமல் இருக்கும்: வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ். தட்டச்சில் ஹையர் தேறிவிட்டு வேலைக்குக் காத்திருந்த பிள்ளைகள் அடுத்து ஏறியது அந்தப் படிகளில்தான். அவர்களில் ஒருவர் ஸ்ரீரங்கத்துப் பெண். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் மாம்பழச் சாலையும் காவிரிப் பாலமும் தாண்டி வந்து அந்த மூன்றையும் கற்றார். பிறகு தெப்பக்குளத்தருகே ஒரு டி.டி.பி. மையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய உழைப்பில் பெரும்பங்கு இரண்டு கோப்புகளைச் சேர்த்துவைப்பதில் போயிருக்கிறது. ஒன்று கடிதம், மற்றது முகவரிப் பட்டியல்.

இந்த வேலைக்கு மெயில் மெர்ஜ் என்று பெயர். இன்று கேட்பவர்களுக்கு அது ஒரு பொத்தானை அழுத்தும் சமாச்சாரம். அவருடைய நினைவில் அது வேறு மாதிரி இருக்கிறது. கடிதம் எப்போதும் பழைய மென்பொருளில் இருக்கும். பட்டியல் எப்போதும் புதியதற்குப் போயிருக்கும். இரண்டையும் பேசவைக்கும் வேலை அவரிடம் வரும்.

சைக்ளோஸ்டைல் காலத்தில் சங்கக் கடிதங்கள் எப்படிப் போயின என்பதையும் அவர் பார்த்திருக்கிறார். ஸ்டென்சிலில் கடிதத்தைத் தட்டச்சு செய்து, ‘அன்புள்ள’ என்பதற்குப் பின் ஒரு புள்ளிக்கோடு விட்டு, நூற்றுக்கணக்கில் உருட்டி எடுப்பார்கள். பிறகு நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் புள்ளிக்கோடுகளில் பெயர்களைப் பேனாவால் நிரப்புவார்கள். அச்சின் கறுப்பும் பேனாவின் நீலமும் ஒட்டாது. உறையைப் பிரித்ததுமே சுற்றறிக்கை என்று தெரிந்துவிடும். பெயரும் கடிதமும் ஒரே எழுத்தில், ஒரே மையில், ஒரே வரியில் வந்தபோது அதைப் பெற்றவர்கள் பதில் எழுதினார்கள். அந்த வேறுபாட்டை நேரில் கண்டதால்தான் அவருக்கு இந்த வேலையில் பிடிப்பு வந்தது.

அவர் மனதில் ஆழமாகத் தங்கிய வாடிக்கையாளர் ஸ்ரீரங்கத்தில் இயங்கிய ஒரு சிறிய கல்வி அறக்கட்டளை. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுவது அதன் பணி. ஆண்டுக்கொரு முறை, உதவியவர்களுக்கெல்லாம் நன்றியும் கணக்கும் எழுதி அனுப்புவார்கள். செயலாளர் ரயில்வேயில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கடிதத்தை அவர் வேர்ட்ஸ்டாரில் ஒரு முறை அமைத்துவைத்தார். அச்சடித்த லெட்டர்பேடில் முதல் வரி எங்கே விழ வேண்டும், கையெழுத்துக்கு எத்தனை வரி விட வேண்டும் என்பதெல்லாம் டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியோடு போராடிச் சரிசெய்யப்பட்டவை. அதன் பிறகு அதை மாற்ற அவர் சம்மதிக்கவே இல்லை. அந்தப் பிடிவாதத்தில் நியாயம் இருந்தது. சரியாக விழுந்துகொண்டிருக்கும் கடிதத்தை எதற்காகக் கலைக்க வேண்டும்?

வேர்ட்ஸ்டார் 1970களின் இறுதியில் கலிஃபோர்னியாவில் பிறந்தது. சீமோர் ரூபின்ஸ்டீன் தொடங்கிய மைக்ரோப்ரோ நிறுவனத்துக்காக ராப் பார்னபி எழுதிய மென்பொருள் அது. மெயில்மெர்ஜ் என்பது முதலில் அதற்குத் தனியாக விற்கப்பட்ட துணைப்பகுதி. வேலை செய்யும் விதம் இப்படி: கடிதத்தின் தலையில் புள்ளியில் தொடங்கும் இரண்டு கட்டளைகள். புள்ளி டி.எஃப். என்ற வரியில் முகவரிக் கோப்பின் பெயர் இருக்கும். புள்ளி ஆர்.வி. என்ற வரியில், அந்தக் கோப்பிலிருந்து என்னென்ன விவரங்களை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பது இருக்கும்: பெயர், தெரு, ஊர், பின்கோடு. கடிதத்துக்குள் பெயர் வர வேண்டிய இடத்தில் இரண்டு & குறிகளுக்கு நடுவே அந்த விவரத்தின் பெயரை எழுத வேண்டும். அதற்குப் பின் ஒரு சாய்கோடும் ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்தால், அந்த விவரம் இல்லாதவருக்கு அந்த வரியே அச்சாகாது. முகவரியின் நடுவில் வெற்று வரி விழாது. மவுஸே இல்லாத திரையில் இவ்வளவு நுட்பம் அன்றே இருந்தது.

முகவரிக் கோப்பு வெறும் உரைக்கோப்பு. ஒருவருக்கு ஒரு வரி, விவரங்களுக்கு இடையே காற்புள்ளி. இங்கேதான் நம் ஊர் முகவரி முதல் சிக்கலைக் கொடுத்தது. நாம் கதவு எண்ணை எழுதி ஒரு காற்புள்ளி போட்டுவிட்டுத்தான் தெருவுக்கே போவோம். ‘5, கீழச் சித்திரை வீதி’ என்பது மென்பொருளுக்கு ஒரு விவரமாகத் தெரியாது, இரண்டாகத் தெரியும். உடனே எல்லாம் ஓரிடம் நகரும். தெரு ஊராகும், ஊர் பின்கோடாகும். காற்புள்ளி உள்ள விவரத்தை இரட்டை மேற்கோளுக்குள் அடைத்தால் இது தீரும். கையால் அடைத்துக்கொண்டிருக்க யாரால் முடியும்?

டிபேஸ் அதைத் தானாகச் செய்தது. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் வேலை பார்த்த வெய்ன் ராட்லிஃப் தன் சொந்த நேரத்தில் எழுதத் தொடங்கிய தரவுத்தளம், ஆஷ்டன்-டேட் நிறுவனத்தின் வழியாக உலகம் சுற்றி டிபேஸ் 3 பிளஸ் என்ற பெயரில் திருச்சிக்கு வந்திருந்தது. அதில் ‘காப்பி டு’ என்று தொடங்கி ‘டிலிமிட்டட்’ என்று முடியும் ஒரே கட்டளை போதும். ஒவ்வொரு விவரத்தின் பின்னால் தொங்கும் வெற்றிடத்தை வெட்டி, மேற்கோளுக்குள் வைத்து, காற்புள்ளி போட்டு, வேர்ட்ஸ்டார் விரும்பும் கோப்பைக் கொடுத்துவிடும். தேதிகளை மட்டும் ஆண்டு, மாதம், நாள் என எட்டு இலக்கமாக ஒட்டிக் கொடுக்கும். அதை நாம் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு நிறுவனங்களின் இரண்டு மென்பொருள்கள், ஒன்றின் உள்வடிவம் மற்றதற்குத் தெரியாது. நடுவில் இருந்த அந்த எளிய உரைக்கோப்பு இருவருக்கும் புரிந்தது. பின்னால் வந்த ஒவ்வொரு சிக்கலிலும் அவர் திரும்பத் திரும்ப வந்து நின்ற இடம் இதுதான்.

இன்னொரு விதியையும் அவர் அப்போதே கற்றார். வேர்ட்ஸ்டாரில் டி அழுத்தினால் ஆவண முறை, என் அழுத்தினால் ஆவணமல்லாத முறை. முகவரிக் கோப்பை ஆவண முறையில் திறந்து சேமிக்கக் கூடாது. அந்த முறையில் வேர்ட்ஸ்டார் சில எழுத்துகளின் எட்டாவது பிட்டை, குறிப்பாகச் சொற்களின் கடைசி எழுத்தில், தன் சொந்தக் குறிப்புக்காகத் தட்டிவைக்கும். ஆங்கிலத்துக்கு ஏழு பிட் போதும் என்பதால் எட்டாவது அதற்கு ஓசியாகக் கிடைத்த இடம். ஆங்கிலம் தவிர வேறு எழுத்துகளுக்குப் போக்கிடமே அந்த எட்டாவது பிட்தான் என்பது அந்தத் திரையில் தெரியவில்லை. தெரிந்த நாளில் அது பெரிய பிரச்சினையாக வந்தது.

அதற்கு முன்பாகப் பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். உண்மையான உழைப்பு அங்கேதான். ஸ்ரீரங்கம் கோயிலைச் சுற்றிய வீதிகளுக்குப் பெயரோடு திசையும் உண்டு: உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதி, ஒவ்வொன்றிலும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு. ஆங்கில எழுத்தில் உத்திரத்தை ஒருவர் உத்ரா என்பார், ஒருவர் உத்தரா என்பார், வேறொருவர் சொல்லுக்கு நடுவே எச் போட்டிருப்பார். ‘கீழ’ என்பதை ஒருவர் ஈஸ்ட் என்றும் இன்னொருவர் கே என்ற ஒற்றை எழுத்தாகவும் எழுதியிருப்பார். ஊரின் பெயரும் அப்படியே: ட்ரிச்சி, திருச்சி, திருச்சிராப்பள்ளி. ஒரே வீட்டுக்கு இரண்டு கடிதம் போவதும், ஒருவருக்குப் போகாமலே நிற்பதும் இதனால்தான். அவர் தெருப்பெயர்களுக்கு ஒரு தனிக் கோப்பு வைத்து, எழுத்துக்கூட்டலை ஒருமுகப்படுத்தினார். தபால்காரருக்கு எல்லா எழுத்துக்கூட்டலும் ஒன்றுதான். கணினிக்கு ஒவ்வொன்றும் வேறு தெரு.

பின்கோடு மட்டுமே ஆளுக்கொரு விதமாக எழுத முடியாத விவரமாக இருந்தது. 1972 ஆகஸ்ட் 15 அன்று அஞ்சல் துறை அறிமுகப்படுத்திய ஆறு இலக்கம். ஸ்ரீரங்கம் 620006, திருவானைக்கோயில் 620005, தில்லைநகர் 620018. அந்த எண்ணின்படி வரிசைப்படுத்தி அச்சிட்டு, கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் அஞ்சலகத்தில் பிரிப்பவர்களுக்கும் வசதி. பட்டியலை அவர் பெயர் வரிசையில் அச்சிட்டதே இல்லை.

பிள்ளைகள் ஊரை விட்டுப் போகப் போக, பட்டியலும் நீண்டது. முதலில் மும்பைப் பக்கத்து மாதுங்கா, செம்பூர், டோம்பிவிலி. பிறகு அமெரிக்கா. நியூ ஜெர்சியின் அஞ்சல் எண்கள் பூஜ்யத்தில் தொடங்குபவை. எடிசன் நகரத்தின் எண்களில் ஒன்று 08820. பட்டியலில் பின்கோடு என்ற கட்டத்தை எண் வகையாக வைத்திருந்தால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போய் 8820 என்று நிற்கும். இந்திய எண் எதுவும் பூஜ்யத்தில் தொடங்காததால் உள்ளூரில் யாருக்கும் இது உறைக்காது. கூட்டிக் கழிக்காத எந்த எண்ணையும் எண்ணாக வைக்காதே, எழுத்தாக வை என்று அவர் தன்னிடம் வேலை கற்ற பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார்.

2000 வாக்கில் அறக்கட்டளையின் இளைய உறுப்பினர் ஒருவர் பட்டியலை மைக்ரோசாஃப்ட் அக்சஸில் புதிதாக அமைத்தார். அழகான படிவங்கள், நன்கொடை விவரத்துக்குத் தனி அட்டவணை, எல்லாம் இருந்தன. கடிதம் மட்டும் வேர்ட்ஸ்டாரில். செயலாளர் டி.டி.பி. மையத்துக்கு நேரில் வந்தார்.

“லிஸ்ட் புதுசா இருக்கட்டும்மா. லெட்டர் அப்படியே இருக்கணும். உன்னால முடியுமா?”

“பார்க்கிறேன் சார். நடுவுல ஒரு ஃபைல் வெச்சா முடியும்.”

அக்சஸின் கோப்பை வேர்ட்ஸ்டாரால் திறக்க வழியே இல்லை. ஆனால் அக்சஸுக்கு உரைக்கோப்பாக ஏற்றுமதி செய்யத் தெரியும். மேற்கோள், காற்புள்ளி எல்லாம் அதே பழைய பாணியில் வரும். கவனிக்க வேண்டியவை சில. முதல் வரியில் கட்டங்களின் பெயர்களைச் சேர் என்ற தெரிவை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் முதல் கடிதம் ‘பெயர்’ என்ற பெயருள்ள ஒருவருக்கு, ‘தெரு’ என்ற தெருவில் அச்சாகும். கட்டங்களின் வரிசை புள்ளி ஆர்.வி. வரியோடு பொருந்த வேண்டும். அதற்காகத் தனியாக ஒரு வினவல் எழுதி, அதையே ஏற்றுமதி செய்ய வேண்டும். கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்குள் இருக்க வேண்டும். முகவரிக் கட்டத்துக்குள் யாராவது என்டர் தட்டி இரண்டு வரியாக எழுதியிருந்தால் அதை ஒரு வரியாக்க வேண்டும். இவ்வளவும் செய்தபின் அக்சஸில் பிறந்த பட்டியல், தன்னைவிட இருபது வயது மூத்த மென்பொருளின் கடிதத்துக்குள் பிசகாமல் போய் உட்கார்ந்தது. செயலாளர் லெட்டர்பேடை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு வரிகூட நகரவில்லை என்று உறுதிசெய்துகொண்டார்.

இடையில் ஓர் ஆண்டு யாரோ பட்டியலை எக்செல்லில் திறந்து சேமித்ததும் நடந்தது. ஸ்ரீரங்கத்தில் பழைய எண், புதிய எண் என்று கதவுக்கு இரண்டு எண்கள் உண்டு. ‘12/3’ என்று சாய்கோடு போட்டு எழுதுவார்கள். எக்செல் அதை மார்ச் 12 என்று படித்துக்கொள்ளும். நம் வீடுகளின் பாதிக் கதவுகள் தேதிகளாக மாறிவிட்டன. பழைய கோப்பின் நகல் கையில் இருந்ததால் பிழைத்தார்கள்.

பிறகு தமிழ் வந்தது. அறக்கட்டளையின் கடிதம் அதுவரை ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருந்தது. உதவி பெற்ற பிள்ளைகளின் பெற்றோருக்கும் எழுத வேண்டும், அது தமிழில் இருக்க வேண்டும் என்று புதிய நிர்வாகக் குழு முடிவு செய்தது. நல்ல முடிவு, வெகு தாமதமாக வந்த முடிவு. கணினியில் தமிழ் என்பது அவர் நெடுநாள் ஆசையும்கூட. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த சுஜாதா வார இதழ்களில் கணினி பற்றி எழுதியவற்றைப் படித்து வளர்ந்த தலைமுறை அது.

வேர்ட்ஸ்டாரில் தமிழுக்கு இடமில்லை. எட்டாவது பிட் அதன் பிடியில். எனவே தமிழ்க் கடிதம் வேர்ட் 97க்குப் போயிற்று. அங்கே சிக்கல் வேறு உருவத்தில் காத்திருந்தது. அந்நாளில் தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டு முறை. கணினியைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஏதோ ரோமன் எழுத்துகள். அவற்றின் மேல் தமிழ் உருவம் போர்த்தியிருக்கும். கடிதத்தை ஓர் எழுத்துருவிலும் பட்டியலை இன்னொன்றிலும் தட்டியிருந்தால், கடிதத்தில் விழும் பெயர் யாராலும் படிக்க முடியாத குப்பை.

இலங்கைத் தமிழர்களிடமும் தமிழ்நாட்டு டி.டி.பி. கடைகளிலும் பரவியிருந்த பாமினியை எடுத்துக்கொள்ளலாம். அதில் புள்ளி வைக்க அரைப்புள்ளி விசை. ‘இ’ எழுதக் காற்புள்ளி விசை. அதாவது இராமசாமி, இளங்கோ, இந்திரா என்று தொடங்கும் ஒவ்வொரு பெயருக்கு உள்ளேயும் கோப்பளவில் ஒரு காற்புள்ளி இருக்கிறது. மேற்கோள் இல்லாமல் காற்புள்ளியால் பிரித்து ஏற்றுமதி செய்தால், இராமசாமியின் ‘இ’ பிரிப்பானாக எடுத்துக்கொள்ளப்பட்டு, மீதி ‘ராமசாமி’ தெருவின் இடத்தில் போய் நிற்கும். காற்புள்ளியை விட்டுவிட்டு டேப் விசையால் பிரித்தால் சரி. அவர் கண்டெடுத்த தீர்வுகளிலேயே எளியது இது. பல கடைகளுக்கு அவர் வாய்வழியாகச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான்.

இனிஷியல் இன்னொரு தலைவலி. நம்மில் பலருக்கு முதலெழுத்து ஆங்கிலத்தில், பெயர் தமிழில். தமிழ் எழுத்துருவில் அந்த ஆங்கில எழுத்து விழுந்தால் அதுவும் ஏதோ ஒரு தமிழ் உருவமாகிவிடும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி அந்த ஆண்டே தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளைத் தரமாக அறிவித்தது. டாப் இருமொழிக் குறியீடு: கீழ்ப்பாதியில் ஆங்கிலம் அப்படியே இருக்கும், மேல்பாதியில் தமிழ். அறக்கட்டளையின் பட்டியலை அவர் டாப்புக்கு மாற்றினார். ‘எஸ்.’ என்பது ரோமன் எழுத்தாகவே நின்று, பக்கத்தில் தமிழ்ப் பெயர் வந்தபோது அந்தக் கடிதத்துக்கு முதல் முறையாக ஒரு மரியாதையான தோற்றம் கிடைத்தது.

வேர்டின் பிந்தைய பதிப்புகள் முகவரியையும் விளிப்பையும் தாமே அமைத்துக் கொடுக்க முன்வந்தன. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் கேட்கும். கடைசிப் பெயரைக் கொண்டு விளிக்கும். செயலாளர் அதைக் கேட்டுத் திகைத்துப் போனார்.

“எனக்கு ஏதும்மா கடைசிப் பேரு? எங்கப்பா பேரோட மொத எழுத்து, அப்புறம் என் பேரு. அவ்வளவுதானே?”

அந்த வசதியை ஸ்ரீரங்கத்துப் பெண் பயன்படுத்தவே இல்லை. மரியாதைச் சொல், முதலெழுத்து, பெயர் என மூன்று கட்டங்களைத் தன் பட்டியலில் வைத்து, கடிதத்தில் தானே கோத்தார். திரு, திருமதி, செல்வி என்ற விவரத்தைக் கணினியை ஊகிக்க விடக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கணவரை இழந்தவர்களுக்கு வரும் கடிதத்தில் எந்தச் சொல் இருக்க வேண்டும் என்பதை அந்தந்த வீட்டில் கேட்டுத்தான் பதிவுசெய்தார்.

அடுத்து ஒருங்குறி என்கிற யூனிகோட். 1991இல் வெளியான முதல் யூனிகோட் பதிப்பிலேயே தமிழ் இருந்தாலும், விண்டோஸில் லதா எழுத்துருவோடு அது வேலை செய்தது விண்டோஸ் 2000 முதல்தான். அக்சஸ் 2000 உள்ளுக்குள் யூனிகோடில் சேமிப்பது. புதிய கணினியில் பட்டியலை ஒருங்குறியில் தட்டத் தொடங்கினார்கள். முதன்முறையாகத் தமிழ்ப் பெயர்களைத் தேட முடிந்தது, அகரவரிசையில் அடுக்க முடிந்தது. கடிதமோ பழைய கணினியில், வேர்ட் 97இல், டாப் எழுத்துருவில். ஏற்றுமதி செய்த கோப்பைத் திறந்தால் பெயர்கள் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகள்.

காரணம் எளிது, கசப்பானதும்கூட. விண்டோஸில் ரஷ்ய மொழிக்கும் அரபிக்கும் கிரேக்கத்துக்கும் பழைய எட்டு பிட் குறிப்பக்கங்கள் உண்டு. கணினியின் இயல்புக் குறிப்பக்கமாக வைத்துக்கொள்ளத் தமிழுக்கு அப்படி ஒன்று ஒதுக்கப்படவே இல்லை. எனவே பழைய வழியில் எழுத்தை அனுப்பும் ஒவ்வொரு கட்டத்திலும், எழுத இடம் தெரியாத எழுத்துக்குப் பதிலாகக் கணினி ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு நகரும். அது எழுத்துருக் கோளாறு அல்ல. அசல் எழுத்து அந்தக் கோப்பில் இல்லவே இல்லை. எந்த எழுத்துருவைப் போட்டாலும் திரும்பி வராது.

அவர் அக்சஸுக்குள் ஒரு சிறு மாற்றி நிரலை எழுதினார். ஒருங்குறிப் பெயரை வாங்கி டாப்பாகத் திருப்பித் தரும் நிரல். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் முடியாது. ஒருங்குறியில் ‘கெ’ என்பது முதலில் க, பிறகு கொம்பு. டாப்பில் கண்ணுக்குத் தெரிகிற வரிசை: முதலில் கொம்பு, பிறகு க. ‘கொ’ ஒருங்குறியில் இரண்டு குறி. டாப்பில் கொம்பு, க, கால் என மூன்று. எனவே மெய்யைத் தாண்டிப் போய் என்ன உயிர்க்குறி வருகிறது என்று பார்த்துவிட்டு, திரும்பி வந்து கொம்பை முன்னால் வைக்க வேண்டும். ‘கு’, ‘கூ’ வரிசைக்குத் தனித்தனி உருவங்கள். சுவடியில் எழுதிய கையின் பழக்கம், ஈயத்தில் வார்த்த அச்சுக்காரரின் பழக்கம் இரண்டும் அந்தக் குறியீட்டுக்குள் இருந்ததை அவர் அப்போது உணர்ந்தார். மாற்றிய பட்டியல் ஒரு ஃப்ளாப்பியில் ஏறி, மேசை மாறி, வேர்ட் 97க்குள் இறங்கியது.

அதே நிரல் சில ஆண்டுகளில் இன்னொரு பாடம் கற்றுக்கொடுத்தது. அக்சஸ் 2007 வந்து கோப்பு வடிவம் ஏ.சி.சி.டி.பி. என மாறியது. கடிதம் அதற்குள் வேர்ட் 2003க்கு ஏறியிருந்தது. பழைய வேர்ட் புதிய கோப்பைத் திறக்க முயன்றால், அடையாளம் தெரியாத தரவுத்தள வடிவம் என்று மறுத்துவிடும். அதற்கான இணைப்பு மென்பொருளை மைக்ரோசாஃப்ட் இலவசமாகவே வெளியிட்டிருந்தது. அதை நிறுவி, ஓ.டி.பி.சி. வழியாக இணைக்கலாம். அல்லது பட்டியலையே பழைய எம்.டி.பி. வடிவில் சேமிக்கலாம். அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். கோப்பு திறந்தது. அவருடைய மாற்றி நிரலைப் பயன்படுத்திய வினவல் மட்டும் கிடைக்கவில்லை.

காரணத்தைத் தேடிப் புரிந்துகொண்டபோது அவருக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. வேர்ட் 2000 வரை, மெயில் மெர்ஜ் செய்யும்போது டி.டி.இ. என்ற வழியில் அக்சஸ் மென்பொருளையே பின்னால் திறந்து, விவரத்தை அதன் வாயால் கேட்டு வாங்கும். அக்சஸ் திறந்திருப்பதால் அதற்குள் எழுதிய நிரல்களும் ஓடும். 2002 பதிப்பு முதல் வழக்கமான வழி ஓ.எல்.இ. டி.பி. ஆயிற்று, அக்சஸைத் திறக்காமல் கோப்பை மட்டும் நேராகப் படிப்பது. வேகமான வழிதான். அக்சஸ் திறக்காததால் அவருடைய நிரல் என்ன என்றே அதற்குத் தெரியாது. தேதிகளும் அமெரிக்க வரிசையில், மாதத்தை முன்வைத்து வரத் தொடங்கியதற்கும் இதே வழிமாற்றம்தான் காரணம். மார்ச் 4 என்பது ஏப்ரல் 3 போலப் படிக்கும். கடிதத்தின் புலத்துக்குள் தேதி வடிவத்தை எழுதிச் சரிசெய்யலாம், மாதத்துக்குப் பெரிய எம் போட வேண்டும். சின்ன எம் என்றால் நிமிடம். வினவலுக்கு அவர் செய்தது, மாற்றிய பெயர்களைக் கடிதத்துக்கு முன்பே ஒரு தனி அட்டவணையாக எழுதிவைத்து, அந்த அட்டவணையோடு வேர்டை இணைத்தது. மறுபடியும் நடுவில் எளிய ஒன்று.

2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நாட்களில், தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. அறக்கட்டளையின் கடிதமும் ஒருங்குறிக்கு வந்துசேர்ந்தது. மாற்றி நிரலுக்கு ஓய்வு. ஆனால் ஊரின் பெயர் ஒரு புதிய வேலையைக் கொடுத்தது. ‘ஸ்ரீ’ என்ற ஒற்றை உருவம் ஒருங்குறியில் நான்கு குறிகள்: ஒரு மெய், புள்ளி, ர, ஈகாரக் குறி. அந்த முதல் மெய் ‘ஸ’வாக இருந்தது. 2005இல் யூனிகோட் 4.1 ‘ஶ’ என்ற எழுத்தைச் சேர்த்தபின், அதைக் கொண்டும் ‘ஶ்ரீ’ எழுதலாம் என்றாயிற்று. பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒன்றே போலத் தெரியும். கோப்பில் இரண்டும் வேறு. ஸ்ரீரங்கம் என்று தேடினால் ஸ்ரீரங்கத்தவர் எல்லோரும் வர மாட்டார்கள். ஸ்ரீனிவாசன், ஸ்ரீதேவி என்ற பெயர்களுக்கும் அதே கதி. திருவரங்கம் என்று எழுதியவர்கள் தனி. ஊருக்கு எழுத்தால் தேடாமல் 620006 என்ற எண்ணால் தேடும் அவருடைய பழைய வழக்கம் இங்கேயும் கைகொடுத்தது. பெயர்களுக்கு மட்டும் எல்லா ‘ஸ்ரீ’களையும் ஒரே வடிவத்துக்கு மாற்றி எழுதினார்.

இப்போது அந்த மையம் இல்லை. அவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். கடிதம் லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில். அந்தத் தொகுப்பு பழைய டிபேஸ் கோப்பைக்கூட நேரடியாகத் திறக்கிறது. அவரிடம் வரும் வேலையும் மாறியிருக்கிறது. பழைய மாணவர் சங்கங்கள், சபாக்கள், அச்சகங்கள் எனப் பலரிடமும் இருபது, இருபத்தைந்து ஆண்டுக்கு முந்தைய தமிழ்ப் பட்டியல்கள் எந்த எழுத்துருவில் தட்டியது என்று யாருக்கும் நினைவில்லாமல் கிடக்கின்றன. தட்டியவர் வேலையை விட்டுப் போயிருப்பார், எழுத்துருவின் குறுந்தட்டு தொலைந்திருக்கும். அவற்றில் இருப்பவை மனிதர்களின் பெயர்கள். சில சங்கங்களிடம் வேறு பதிவே கிடையாது. அவற்றை மீட்டுக் கொடுப்பதில் அவர் காட்டும் அக்கறை கூலிக்கு அப்பாற்பட்டது.

முறை ஒன்று வைத்திருக்கிறார். பெயர்களைத் தொடவே மாட்டார். பெயர்கள் ஆளுக்கு ஆள் மாறுபவை. முகவரிக் கட்டத்தைத் திறந்து, அதிகம் திரும்ப வரும் எழுத்துக்கோவை எது என்று கணினியை எண்ணச் சொல்லுவார். ஸ்ரீரங்கத்துப் பட்டியலில் அது ‘வீதி’யாகத்தான் இருக்கும். அந்தக் கோவை ரோமன் எழுத்தில் சின்ன டி, பெரிய பி, சின்ன ஜே, சின்ன பி என்று வந்தால் பாமினி. மேல்பாதிக் குறிகளாக வந்தால் டாப் அல்லது வேறொன்று. அதே வரிசையில் ‘சித்திரை’, ‘உத்திர’ என்ற சொற்களை ஒப்பிட்டு எதுவென்று முடிவு செய்வார். சரிபார்க்க ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இலக்கங்கள் பெரும்பாலும் எந்தக் குறியீட்டிலும் மாறாமல் நிற்கின்றன: 620006.